குத்துவிளக்கின் உச்சியில் அன்னம் இருப்பது வெறும் அலங்காரமா?

அலங்காரம் மட்டும் இல்லை. பாலையும் நீரையும் பிரித்தறியும் பறவை என்று நம்பப்படுவதால் அன்னம் விவேகத்துக்கு அடையாளம். கலைமகளின் வாகனமும் அதுதான். விளக்கையே தெய்வமாகப் பார்ப்பது நம் வழக்கம். அடிப்பாகம் பிரம்மா, தண்டு விஷ்ணு, எண்ணெய் நிற்கும் தட்டு சிவன் என்பார்கள். அதனால்தான் ஏற்றுமுன் சந்தனம், குங்குமம் இட்டுப் பூச்சுற்றுகிறோம். ஐந்து முகத்தையும் தினமும் ஏற்ற வேண்டியதில்லை. ஒருமுகம் கிழக்கு பார்த்து எரிந்தாலே போதும். ஆனால் வாயால் ஊதி அணைக்காதீர்கள், பூவால் குளிரவையுங்கள்.

அப்புறம், வாங்குவதென்றால் கும்பகோணம் பக்கத்து நாச்சியார்கோவில் விளக்கையே பாருங்கள். 2010-ல் புவிசார் குறியீடு பெற்றது. பாதம், தண்டு, தட்டு, அன்னம் எல்லாவற்றையும் தனித்தனியே வார்த்து, கடைந்து, மரை போட்டுப் பொருத்துகிறார்கள். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் கழற்றிப் புளி போட்டுத் தேய்க்கவும் சுலபம்.