மாடியில் கம்ப்யூட்டர், கூடத்தில் ஸ்டீரியோ

கும்பகோணம் வாசகர் ஒருவர்: சேர்த்துவைத்த முந்நூறு கச்சேரி சிடிக்களையும் மாடி அறைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன். கீழே கூடத்தில், 1990களில் வாங்கிய ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர்களும் நன்றாகவே பாடுகின்றன. புளூடூத் கருவி மாடியிலிருந்து எட்டவில்லை. பழையதை விற்றுவிட்டு வைஃபை ஸ்பீக்கர் வாங்கச் சொல்கிறான் மகன். வாங்கலாமா?

விற்காதீர்கள். மகன் கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

புளூடூத் எட்டாததில் வியப்பில்லை. நடுவில் ஒரு காங்கிரீட் தளமே இருக்கிறதே! எட்டினாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். சிடியின் இசை விநாடிக்கு 1,411 கிலோபிட். புளூடூத்தின் சாதாரண எஸ்பிசி முறை அதைச் சுமார் 328 கிலோபிட்டுக்குள் நசுக்கித்தான் அனுப்பும். வீட்டு ரூட்டருக்கோ அந்த 1,411 ஒரு சுமையே அல்ல. ஃபிளாக் கோப்புகளாக மாற்றினால் ஏறக்குறைய பாதி இடம் போதும், இசையில் எதுவும் குறையாது.

ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் ஒரு ராஸ்பெரி பை வையுங்கள். உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர் அது. சில மாடல்களில் ஹெட்போன் துளை இருக்கும். அதை நம்பாதீர்கள், ஒலி சுமார்தான். எண்களை இசையாக்கும் டாக் பலகை ஒன்றை அதன்மேல் பொருத்தி, சிவப்பு வெள்ளை ஆர்சிஏ வயரை ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸ் அல்லது டேப் இன் துளையில் செருகுங்கள். போனோ என்று எழுதிய துளையில் மட்டும் வேண்டாம். அது இசைத்தட்டு முள்ளின் மெல்லிய சிக்னலுக்கானது. நான் ஒருமுறை அதில் செருகிவிட்டேன். ஸ்பீக்கர் அலறியதில் பூனை அன்று முழுவதும் வீட்டுப் பக்கமே வரவில்லை.

மென்பொருள்? மாடிக் கம்ப்யூட்டரில் பாட்டை நெட்வொர்க்கில் அனுப்பும் லிரியான் மியூசிக் சர்வர், கீழே ராஸ்பெரி பையில் அதை வாங்கிப் பாடும் பைகோர்பிளேயர். இரண்டும் இலவசம். லிரியான் புதுப் பெயர்தான். ஸ்குவீஸ்பாக்ஸ் என்ற கருவிக்காக எழுதப்பட்ட பழைய மென்பொருள் அது. லாஜிடெக் நிறுவனம் 2012இல் அந்தக் கருவியைக் கைவிட்டது. ஆர்வலர்கள் மென்பொருளைக் கைவிடவில்லை. உங்களுக்கு இதைச் சொல்வதற்குத் தனிக் காரணம் உண்டு. கச்சேரி சிடிக்களில் ஆலாபனை ஒரு டிராக், கீர்த்தனை அடுத்த டிராக் என்று வெட்டியிருப்பார்கள். வீட்டு நெட்வொர்க்கில் பாட்டும் படமும் அனுப்பும் டிஎல்என்ஏ என்ற பொது முறையில் அனுப்பும்போது பல கருவிகள் அந்த இடத்தில் அரை விநாடி ஊமையாகிவிடும். தம்புரா அறுந்து மறுபடி ஒட்டுவதுபோல் இருக்கும்; என்னால் பொறுக்க முடிவதில்லை. லிரியானில் இழை அறுவதில்லை.

முடிந்தால் ரூட்டரிலிருந்து கூடத்துக்கு ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். கூலி ஒருநாள் செலவு, நிம்மதி பல ஆண்டுகளுக்கு. பழைய வீட்டின் தடித்த சுவர்களில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சீக்கிரம் களைத்துவிடும், 2.4 இன்னும் கொஞ்சம் ஊடுருவும், ஆனால் அண்டை வீட்டு ரூட்டர்களும் அங்கேதான் நெரிசல் போடும்.

அதே வாசகர், பின்குறிப்பில்: யூடியூப் கச்சேரியின் ஒலியையும் இப்படிக் கீழே அனுப்ப முடியுமா?

முடியும், பாட்டை மட்டும் கேட்பதாக இருந்தால். ஆப்பிளின் ஏர்பிளே போன்ற, வைஃபையில் ஒலி அனுப்பும் முறைகள் தடங்கல் வராமலிருக்க ஒலியைச் சற்றுச் சேர்த்துவைத்துத்தான் விடும். பழைய ஏர்பிளேயில் சுமார் இரண்டு விநாடி. படமும் பார்ப்பீர்களானால், மிருதங்கத்தில் கை விழுந்து, வித்வான் தலையாட்டி முடித்த பிறகு சத்தம் வரும். படத்துக்கு டிவியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு நேர் வயர்தான்.

திருச்சி வாசகி ஒருவர்: லேப்டாப்பை வயர் மூலம் ஸ்டீரியோவில் இணைத்தால் உம்ம்ம் என்று ஓயாத இரைச்சல். என்ன கோளாறு?

சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் லேப்டாப்பிலும் கோளாறில்லை, ஸ்டீரியோவிலும் கோளாறில்லை. இரண்டும் வெவ்வேறு வழியில் எர்த்தைத் தொட்டு ஒரு வளையம் போட்டிருக்கின்றன. நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதில் நுழைந்து முனகுகிறது. ஆர்சிஏ வயரின் நடுவே செருகும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் கடைகளில் கிடைக்கும். எலக்ட்ரீஷியன் எர்த் முள்ளை உடைத்துவிடலாம் என்று சொன்னால் அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.