சாட்டுச் சொல்வதை நிறுத்துங்கள்

கேள்வி: எனக்கு வயது 28. மூன்று வருடமாக லூபஸ் வருத்தம். வெளியில் ஒருவருக்கும் சொல்லக் கூடாது, கலியாணம் குழம்பும் என்கிறார் அம்மா. கூடப் படித்த சிநேகிதிகள் எங்கே கூப்பிட்டாலும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் ஏதாவது சாட்டுச் சொல்கிறேன். இப்போது கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். அவர்கள் கசூரினா கடற்கரைக்குப் போன படங்களை வாட்ஸ்அப்பில் பார்த்து அழுதேன். எனக்கு எடுப்பு என்று ஒருத்தி சொன்னாளாம். இந்த நட்புகளை விட்டுவிடவா?
- வாசகி, கொக்குவில்

பதில்: அவசரப்பட்டு விடாதீர்கள். எடுப்பு என்று சொன்னது எனக்கும் பிடிக்கவில்லை, ஆனால் அவளுக்கு என்ன தெரியும்? ஒருமுறை தலையிடி, ஒருமுறை மாமி வந்துவிட்டார், இன்னொருமுறை போனை எடுக்கவே இல்லை, இதை மட்டும் பார்க்கிறவர்கள் இவளுக்கு எங்களோடு வர விருப்பமில்லை என்றுதான் முடிவு கட்டுவார்கள். அப்படியிருந்தும் இவ்வளவு காலம் கூப்பிட்டிருக்கிறார்கள்.

லூபஸ் பார்த்தவுடன் தெரிகிற வருத்தமில்லை. உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டு, தோல், சிறுநீரகம் என்று சொந்த உறுப்புகளைத் தாக்குகிறது. நேற்றுச் சிரித்துக் கதைத்தவளுக்கு இன்று விடியக் கட்டிலை விட்டு எழும்ப ஏலாது, இரவு முழுக்க நித்திரை கொண்டாலும் அந்தக் களைப்புப் போகாது. வெயில் பட்டால் வருத்தம் கிளம்பும். இதற்குக் கொடுக்கிற பிரெட்னிசொலோன் மருந்து எடுத்தால் பலருக்கு முகம் ஊதும், அதைப் பார்த்து "நல்லாக் கொழுத்திட்டாய்" என்று நடுறோட்டில் வைத்துச் சொல்ல எங்கள் ஊரில் ஆட்களுக்குக் குறைவில்லை. இதெல்லாம் நீங்கள் சொல்லாமல் அந்தப் பிள்ளைகளுக்கு எப்படி விளங்கும்?

எல்லாருக்கும் சொல்லத் தேவையில்லை. நம்பக்கூடிய இரண்டு பேர் போதும், குரூப்பில் போடாமல் நேரில் சொல்லுங்கள். வருத்தத்தின் பெயர், அது தொற்றாது என்பது, அப்புறம் முக்கியமாக இது: "நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராவிட்டால் அன்றைக்கு உடம்பு ஏலவில்லை என்று நினை, அடுத்தமுறையும் கூப்பிடு." வருத்தக்காரியைக் கரைச்சல்படுத்தக் கூடாதென்ற நல்லெண்ணத்தில் கூப்பிடாமல் விடுகிறவர்களும் இருக்கிறார்கள், அதனால்தான் கடைசி வசனத்தைக் கட்டாயம் சொல்லுங்கள் என்கிறேன்.

அவர்கள் கூப்பிடும்வரை ஏன் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்? உங்கள் உடம்புக்கு ஏற்ற நேரத்தில் நீங்களே கூப்பிடுங்கள். உச்சி வெயிலில் கடற்கரை உங்களுக்குச் சரிவராது, ஆனால் வெயில் தாழ்ந்த பிறகு நல்லூரடியில் ஒரு ஐஸ்கிரீம் குடிக்கலாம். நல்லூர்க் கோயில் திருவிழா 25 நாள் நடக்கிறது, தேருக்குத்தான் போகவேண்டுமென்று இல்லை, பத்தாம் நாள் மஞ்சத் திருவிழா பின்னேரத்தில்தான். சனத்துக்குள் போனால் மாஸ்க் போடுங்கள், உங்கள் வருத்தத்துக்குக் கொடுக்கிற மருந்துகளில் சில, கிருமிகளை எதிர்க்கும் சக்தியையும் குறைத்துவிடும். தடிமன் காய்ச்சலோடு இருக்கிற சிநேகிதியிடம் இன்றைக்கு வராதே என்று சொல்லவும் வெட்கப்படாதீர்கள்.

விளங்கப்படுத்திய பிறகும் நடிக்கிறாள் என்று கதைக்கிறவளை விட்டுவிடுங்கள். அவளுக்குச் செலவழிக்க உங்களிடம் தெம்பு மிச்சமில்லை.

அம்மாவின் பயம் எனக்கு விளங்குகிறது. பொம்பிளைக்கு வருத்தமாம் என்ற கதை யாழ்ப்பாணத்தில் எவ்வளவு வேகமாக ஓடும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் தங்கச்சி, கட்டப்போகிறவரிடம் இதை மறைக்கவே கூடாது. லூபஸ் உள்ளவர்களில் பெரும்பாலானோர் பிள்ளை பெறலாம், ஆனால் அதற்கு முன்பு குறைந்தது ஆறு மாதமாவது வருத்தம் அடங்கியிருப்பது நல்லது, சில மருந்துகளை முன்கூட்டியே மாற்றவேண்டி வரும், எல்லாம் டொக்டரோடு கதைத்துத்தான் செய்யவேண்டும். கணவனுக்குத் தெரியாமல் இதை எப்படிச் செய்வீர்கள்? நீங்கள் சொல்லி அம்மா கேட்காவிட்டால் அடுத்த கிளினிக்குக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், டொக்டரின் வாயால் கேட்கட்டும்.