யெஸ் அடிக்கும் முன்: பர்மிஷன் கேள்விகளுக்குச் சில பதில்கள்

குன்னூர், கோத்தகிரி, கூடலூர், ஊட்டி பக்கமிருந்து வந்த கேள்விகள் இவை. கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

குன்னூர், தேயிலைத் தொழிற்சாலைக் கணக்கர்: அண்ணா, கணக்கு சாஃப்ட்வேரைத் திறக்கும்போதெல்லாம் ஸ்கிரீன் இருண்டு, "மாற்றம் செய்ய அனுமதிக்கலாமா" என்று விண்டோஸ் கேட்கிறது. பார்க்காமலே யெஸ் அடிக்கிறேன். இதை நிறுத்திவிடலாமா?

வேண்டாம். உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடம் அந்த சாஃப்ட்வேரை எழுதியவர். பழைய விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் வீட்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தவரெல்லாம் பெரும்பாலும் அட்மின்தான், அதாவது எதையும் மாற்றும் உரிமை உள்ளவர். அதனால் சாஃப்ட்வேர் எழுதியவர்களும் தங்கள் டேட்டாவைக் கூச்சமில்லாமல் சிஸ்டம் ஃபோல்டர்களுக்குள் எழுதிப் பழகினார்கள். 2007-ல் அடுத்த விண்டோஸான விஸ்டா வந்து, "கேட்டுவிட்டுச் செய்" என்றது. அன்றைக்கு ஊரே திட்டியது, ஆப்பிள் விளம்பரம் போட்டே கிண்டலடித்தது. மக்களுக்கு எரிச்சல் வரட்டும், அப்போதுதான் சாஃப்ட்வேர் கம்பெனிகள் திருந்தும் என்பதும் அதன் நோக்கம்தான் என்று 2008-ல் மைக்ரோசாஃப்ட் அதிகாரி ஒருவரே மேடையில் சொன்னார். 2009-ல் விண்டோஸ் 7 வந்தபோது கேள்விகளைக் குறைத்தார்கள்.

உங்கள் சாஃப்ட்வேர் இன்னும் திருந்தவில்லை, அவ்வளவுதான். புது வெர்ஷன் இருக்கிறதா என்று விற்றவரிடம் கேளுங்கள்.

ஸ்கிரீன் இருளுவதற்கும் காரணம் உண்டு. அந்த நேரத்தில் கேள்வி தனித் திரையில் நிற்கிறது. பின்னால் ஓடும் வேறு புரோகிராம் உங்கள் சார்பில் மவுஸை நகர்த்தி யெஸ் அடிக்க முடியாது.

கோத்தகிரி: இந்தக் கேள்வி வந்தால், அந்த சாஃப்ட்வேரை விண்டோஸ் சோதித்துவிட்டது என்று நம்பலாமா?

கூடாது. பலரும் இதை ஆன்டிவைரஸ் என்றே நினைக்கிறார்கள். "இதைத் தொடங்கியது நீங்கள்தானா" என்பது மட்டும்தான் அங்கே கேள்வி. நீங்கள் எதையும் இன்ஸ்டால் செய்யாதபோது வந்தால், நோ. மேலே மஞ்சள் பட்டை இருந்து, வெளியிட்டவர் யாரென்று தெரியாது எனப் போட்டிருந்தால் நிதானியுங்கள்.

இன்னொன்று. உங்கள் போட்டோக்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேருக்கு இந்தக் கேள்வியே தேவைப்படாமல் போகலாம். அவை உங்கள் ஃபைல்கள். உங்கள் பெயரில் ஓடும் எதுவும் அவற்றைத் தொடலாம். பேக்கப்பை வேறு டிஸ்க்கில் எடுத்து, கழற்றி வையுங்கள்.

கோத்தகிரி, ஹோம்ஸ்டே நடத்தும் அக்கா: விருந்தாளிகள் டிக்கெட் பிரின்ட் எடுக்க ஒரு லேப்டாப் வைத்திருக்கிறேன்...

அதில் அட்மின் அக்கவுண்டைத் திறந்து வைக்காதீர்கள், அக்கா. அட்மினாக இருந்தால் வெறும் யெஸ் போதும். ஸ்டாண்டர்ட் அக்கவுண்டாக இருந்தால் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். முதல் வகையை முழுப் பாதுகாப்பு எல்லையாக மைக்ரோசாஃப்டே நெடுங்காலம் கணக்கில் எடுத்ததில்லை. செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதிக்குப் போய் புது யூசரைச் சேர்த்தால், தானாகவே ஸ்டாண்டர்டாகத்தான் வரும். சொந்த வேலைக்கும் அதையே பயன்படுத்தலாம்.

ஊட்டி, கல்லூரி மாணவர்: லினக்ஸில் இந்தத் தொல்லை இல்லையே?

இருக்கிறது, தம்பி. அட்மின் உரிமையோடு ஒரு கட்டளையை ஓட்ட சுடோ என்று அடித்து பாஸ்வேர்டு போடுகிறீர்களே, அதுவும் இதே கேள்விதான்.

கூடலூர்: வாட்ஸாப்பில் "இ-பாஸ் ஆப்" என்று ஒரு ஏ.பி.கே. (ப்ளே ஸ்டோர் இல்லாமல் நேரடியாகப் போடும் ஆப் ஃபைல்) வந்தது. போட்டதும் எஸ்.எம்.எஸ்., ஆக்ஸசிபிலிட்டி பர்மிஷன் கேட்கிறது. கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். 2024 மே முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கேட்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அதை அரசு இணையதளத்திலேயே எடுக்கலாம். யாரோ அனுப்பிய ஏ.பி.கே. எதற்கு? வண்டி எண் வாங்கும் ஆப்புக்கு உங்கள் மெசேஜ் எதற்கு என்று யோசித்தாலே போதும்.

எஸ்.எம்.எஸ். போனால் ஓ.டி.பி. போகும். ஆக்ஸசிபிலிட்டி அதைவிட மோசம். பார்வை குறைந்தவர்களுக்கு உதவுவதற்காக வந்த வசதி அது. ஸ்கிரீனில் இருப்பதைப் படிக்கும், உங்களுக்காக பட்டனையும் அழுத்தும். அதனால்தான் ஆண்ட்ராய்டு 13 முதல் வெளியிலிருந்து போட்ட ஆப்புகளுக்கு அதைச் சட்டென்று கொடுக்க விடுவதில்லை. மோசடிக்காரர்கள் அந்தத் தடையை எடுக்கும் வழியையும் படம் போட்டு அனுப்புகிறார்கள்!

உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். 2012-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தபோது, ஆப் போடும்போது பர்மிஷன் பட்டியலைக் கவனித்தவர்கள் 17 சதவீதம்தான். 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல் தேவைப்படும் நேரத்தில் கேட்கும்படி மாறியது.

ஏற்கெனவே கொடுத்திருந்தால் முதலில் நெட்டை அணையுங்கள். பர்மிஷனை எடுத்துவிட்டு ஆப்பை நீக்குங்கள். நீக்க விடாமல் திரும்பத் திரும்ப வெளியே தள்ளினால், நீங்கள் போட்ட ஆப்புகள் ஓடாத சேஃப் மோடில் போனைத் திறந்து நீக்குங்கள். வேறு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐ அழையுங்கள். அனுப்பிய நண்பரையும் கூப்பிட்டுக் கேளுங்கள், அவருக்கே தெரியாமல் அவர் போனிலிருந்து போயிருக்கலாம்.