தன் பெயரை மாற்றி, அடுத்தவர் பெயரை விட்டுவிட்டவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் வாசிப்புக் குழுவில் இம்முறை ருமேனிய எழுத்தாளர் மிர்ச்சா எலியாதே தன் கல்கத்தாக் காதலை வைத்து எழுதிய 'மைத்ரேயி' நாவலை ஆங்கிலத்திலும், அதற்கு மறுமொழியாக, அந்தக் காதலியான வங்க எழுத்தாளர் மைத்ரேயி தேவி எழுதிய 'ந ஹன்யதே'யைத் தமிழில் 'கொல்லப்படுவதில்லை'யாகவும் படித்தோம். ஒருவர், "வெள்ளைக்காரத் திமிர், ஐம்பது பக்கத்தில் மூடிவிட்டேன்" என்றார். இன்னொருவருக்கு இரண்டில் எது உண்மை என்பது மட்டுமே கேள்வி. மூன்றாமவர், பின்னது வெறும் பழிவாங்கும் புத்தகம், இலக்கியம் எலியாதேயிடம்தான் என்றார். யாரோடும் முழுதாக ஒத்துப்போக முடியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

ஐம்பது பக்கத்தில் மூடியவரிடமிருந்து தொடங்குகிறேன். அவர் கோபம் நியாயமானது, நிறுத்திய இடம்தான் தவறு. அந்த நாவலின் கதைசொல்லி ஆலன் தன் பழைய நாட்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறான். அன்று எழுதிய வரி ஒன்று, பிறகு அதன்மேல் போட்ட குறிப்பு ஒன்று, எல்லாம் முடிந்தபின் திரும்பிப் பார்க்கும் குரல் ஒன்று. மைத்ரேயியின் கண்கள் மிகப் பெரியவை, உதடுகள் தடித்தவை, அழகில்லாதவள் என்பதெல்லாம் முதல் அடுக்கு. அந்த ஆள் எவ்வளவு குருடனாக இருந்தான் என்று காட்டத்தான் ஆசிரியர் அதை அழிக்காமல் வைத்திருக்கிறார். அடுக்குகளைப் பிரிக்காமல் படித்தால் திமிர் மட்டும்தான் தெரியும்.

இந்தக் குருட்டுத்தனம் முற்றுவது மைத்ரேயியின் வீட்டில் தங்க வந்தபின். தன்னையும் மைத்ரேயியையும் வீட்டார் தனியே பேசவிடுகிறார்கள் என்றதும், பெண்ணைத் தன் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று ஆலன் கணக்குப் போடுகிறான். அவர்கள் நினைத்ததோ அவனை வீட்டுப்பிள்ளையாக ஆக்கிக்கொள்ள. அண்ணன் போன்றவன் என்பதாலேயே கிடைத்த சுதந்திரம் அது. அதே காரணத்தால்தான் பிறகு அவர்கள் காதல் மன்னிக்க முடியாத குற்றமாகிறது. இரண்டு பண்பாடுகள் மோதும் காதல் கதைகளில் பெரும்பாலும் மதமோ சாதியோ வாசலில் நின்று தடுக்கும். இங்கே தடையாவது வரவேற்பேதான். எலியாதேயின் நாவலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

எது உண்மை என்ற கேள்விக்கு முதலில் நமக்கு உறுதியாகத் தெரிந்தவை. 1930இல் கல்கத்தாவின் பவானிப்பூரில், தத்துவப் பேராசிரியர் சுரேந்திரநாத் தாஸ்குப்தாவின் வீட்டில் தங்கியிருந்தார் எலியாதே. ருமேனிய மாணவர், வயது 23. பேராசிரியரின் மகள் மைத்ரேயி அந்தச் செப்டம்பரில்தான் 16ஐத் தொட்டார். இருவரின் காதல் தெரிந்ததும் எலியாதே வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார். 1933இல் ருமேனிய மொழியில் நாவல் வந்து அங்கே பரிசும் பெற்றது. 1974இல் வங்க மொழியில் பதில் வந்தது. 1976இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது. நடுவில் 41 ஆண்டுகள்.

இதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல நம்மிடம் சாட்சி இல்லை. ஆனால் இரண்டு நாவல்களிலும் பெயர்கள் எப்படி மாறியிருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எலியாதே தன்னை ஆலன் என்ற ஆங்கிலேயன் ஆக்கினார், தத்துவப் பேராசிரியரைப் பொறியாளர் நரேந்திர சென் ஆக்கினார். மைத்ரேயி மட்டும் மைத்ரேயியாகவே இருக்கிறாள். மைத்ரேயி தேவி தன்னை அம்ருதா ஆக்கினார். அவர் நாவலில் காதலன் பெயர் மிர்ச்சா யூக்ளிட். இருவருமே தன்னை மறைத்துக்கொண்டு மற்றவரைப் பெயர் சொல்லி அழைத்திருக்கிறார்கள்.

இரண்டும் ஒன்றல்ல என்பதையும் சொல்லவேண்டும். முதல் நாவலில் மைத்ரேயி இரவுகளில் ஆலன் அறைக்கு வருகிறாள், கடைசியில் பழக்காரனிடம் தன்னை ஒப்படைக்கிறாள். இதைக் கற்பனை என்று சொல்ல உயிரோடு ஒரு பெண் இருந்தார், அவள் பெயரிலேயே. எலியாதேயைப் பெயர் சொல்லி எழுதியதால் அவருக்கு அப்படி எந்த அவமானமும் வரவில்லை. "நாவல்தானே" என்று இதைத் தள்ளிவிட என்னால் முடியாது.

நீங்கள் படித்த ஆங்கிலப் பிரதி ருமேனிய மூலத்திலிருந்து வந்ததல்ல, 1950இல் வந்த பிரெஞ்சு மொழிபெயர்ப்பிலிருந்து வந்தது. ஆகவே ஒரு பெயரடையைப் பிடித்துக்கொண்டு வாதாடாதீர்கள். தன் ஆயுள்காலத்தில் அது ஆங்கிலத்தில் வரக்கூடாது என்று மைத்ரேயி தேவி எலியாதேயிடம் வாக்கு வாங்கியிருந்தார். மைத்ரேயி தேவியின் மறைவுக்குப் பின், 1994இல் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகம் இரு நூல்களையும் சேர்த்தே வெளியிட்டது. 'ந ஹன்யதே'யின் ஆங்கில வடிவத்தை அவரே எழுதினார்.

மூன்றாம் நண்பரோடு எனக்கு உடன்பாடே இல்லை. பழிவாங்க எழுதியவர் கோபத்தின் பெரும்பங்கை மிர்ச்சாமேல் இறக்கியிருப்பார். இதில் கனமான கோபம் தந்தைமேல். மகளின் காதலை அறுத்தெறிந்த அந்த அறிஞர் பின்னாளில் தானே வேறொரு பெண்ணுக்காகக் குடும்பத்தைச் சிதைக்கிறார். அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டியவர்கள்தான் இதைக் காதல் வழக்கின் எதிர்வாதம் என்பார்கள். காலம் முன்னும் பின்னும் தாவுகிறது என்ற குறையும் அப்படியே. 1972இல் பேரக்குழந்தைகளோடு இருக்கும் பெண் பேசிக்கொண்டிருக்கும்போதே 1930இன் சிறுமியாகிவிடுகிறாள். 'உடல் கொல்லப்பட்டாலும் அது கொல்லப்படுவதில்லை' என்ற கீதை வரியைத் தலைப்பாக வைத்தவர் வேறெப்படி எழுதியிருக்க முடியும்?

மறுபடி கூடும் எண்ணம் இருந்தால், முழு நூல்களையும் விவாதிக்காதீர்கள், திரும்ப 'எது உண்மை' என்ற கேள்விக்கே போய் நிற்கும். மூன்று காட்சிகள் போதும்: வீட்டு நூலகத்துக்கு இருவரும் பட்டியல் தயாரிப்பது, தங்கையின் வாயிலிருந்து விஷயம் வெளிவருவது, அவன் வெளியேறுவது. ஒவ்வொன்றையும் முதலில் 1933இலிருந்து, உடனே 1974இலிருந்து உரக்கப் படியுங்கள். ஒருவர் கண்ணில் பட்டு மற்றவர் கண்ணில் படாதது என்ன என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வரிசையை மாற்றவேண்டாம். பின்னது முன்னதற்குப் பதில் என்பதால், அதை முதலில் படித்தால் ஆலன் வாய்திறக்கும் முன்பே பொய்யனாகிவிடுவான்.

கடைசியில் இன்னும் இரண்டு பக்கங்கள். எலியாதேயின் முதல் பக்கத்தில் ஆலன், மைத்ரேயியை முதன்முதலாகப் பார்த்த நாளை நாட்குறிப்பில் தேடுகிறான், கிடைக்கவில்லை. 'ந ஹன்யதே'யின் முடிவில், சிகாகோவில், புத்தகங்கள் சூழ்ந்த அறையில் அம்ருதா போய் நிற்கிறாள். மிர்ச்சா முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறான். ஒவ்வொரு நாளும் அவளுக்கு நினைவிருக்கிறது.