தோடியும் ஆசாரியும்

அன்புள்ள ஐயா,

நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நாகஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்துக்கு, அவ்வூரில் நாகஸ்வரம் செய்த ரங்கநாதன் ஆசாரியின் குழல்தான் காரணம் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். உண்மையா? கொள்ளுத்தாத்தா வாசித்த நாகஸ்வரம் ஒன்று பரணில் கிடக்கிறது. ஒன்றரை அடிதான் இருக்கும், அடிமுனையில் செருகும் அணசைக் காணோம். விற்றுவிடலாமா?

கு., மன்னார்குடி

அன்புள்ள கு.,

ஊர்ப்பேச்சு பாதி சரி. தோடிக்கு வேண்டியது சுத்த மத்யமம், அதாவது 'ம' ஸ்வரத்தின் தாழ்ந்த வடிவம். குட்டையான, சுருதி கூடிய பழைய திமிரி நாகஸ்வரத்தில் இயல்பாக வருவது அதன் உயர்ந்த வடிவமான பிரதி மத்யமம். சுத்த மத்யமத்தை மூச்சாலும் உதட்டாலும் கெஞ்சித்தான் வரவழைக்க வேண்டும். அது நேராகப் பேசும், நீளமான, சுருதி இறங்கிய பாரி நாகஸ்வரத்தை ஆசாரி செய்து முடித்தது 1955-இல். பிள்ளை மறைந்தது 1956 டிசம்பரில். அவருடைய தோடி இசைத்தட்டுகளோ அதற்கு வெகு முன்பே சுழன்றுகொண்டிருந்தன! ஆகவே ஆசாரி தோடியைக் கொடுக்கவில்லை. மூச்சின் சுமையை இறக்கிவைத்தார். அதன் முழுப் பலன் பின்னால் வந்த வித்வான்களுக்குத்தான் கிடைத்தது.

இது சின்ன வேலையல்ல. சுருதி இறங்கினால் குழல் நீளும், உள்கூம்பு மாறும், துளைகள் விலகும். ஆனால் வாசிப்பவரின் விரல் நீளாது. ஏழு விரல் துளைகள் போக, கீழே சுருதி சேர்க்க ஐந்து துளைகள். அவற்றை மெழுகால் அடைத்துச் சரிசெய்வார்கள். எல்லாவற்றுக்கும் காதுதான் அளவுகோல். நல்லவேளை, வாசித்துக் கேட்டுச் சரிபார்க்க, பிள்ளையின் திருவாவடுதுறை பக்கத்து ஊர்.

நரசிங்கம்பேட்டையில் ஒரு பட்டறையில் பார்த்தேன். பிரித்த வீட்டின் ஆச்சா மர உத்தரம். ஒரு முனையில் துரு கசிந்த ஆணி ஓட்டை. பெரியவர் அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, நான்கு விரற்கடை தள்ளி அறுத்தார். பிறகுதான் கடைசலில் ஏற்றினார். புதுமரம் மூச்சின் ஈரத்துக்கும் வெயிலுக்கும் மாறி மாறி ஆட்பட்டால் வெடித்துவிடும். தலைமுறைகளாகக் கூரையைத் தாங்கிக் காய்ந்த மரம் அசையாது. தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் தொழில். மரமும் அப்படி யாரோ ஒருவர் வீட்டுச் சொத்தாக இருந்து வருகிறது. 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, மகிழ்ச்சிதான். ஆனால் குறியீடு உத்தரம் கொண்டுவந்து போடாது.

உங்களுடையது திமிரியாகத்தான் இருக்கும். விற்காதீர்கள். அணசு புனல் வடிவில் இருப்பதால் எங்காவது உருண்டுபோயிருக்கும். விளக்கை எடுத்துக்கொண்டு பரணின் மூலைகளைப் பாருங்கள்.