முற்றத்தில் டிராம்போலின் போடலாமா? வலை கட்டினால் போதுமா?

வளைகுடாவிலிருந்து வரும் மாமா பிள்ளைகளுக்கு டிராம்போலின் (ஸ்பிரிங்கில் மாட்டிய, ஏறிக் குதிக்கும் விரிப்பு) வாங்கித் தருவதாகச் சொல்கிறார், சுற்றிலும் வலை இருந்தால் பயமில்லைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். ஆறு வயது நிறையாத பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம். பெரிய பிள்ளைகள் என்றாலும் வலையை மட்டும் நம்பாதீர்கள்.

கீழே விழுவதைத்தான் எல்லோரும் அஞ்சுகிறோம். ஆனால் அடி பெரும்பாலும் வலைக்குள்ளேயே படுகிறது. காயங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, பலர் ஒன்றாகக் குதிக்கும்போது ஏற்படுகின்றன என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2012-இல் எழுதியது. பெரியவன் மிதித்து அமிழ்ந்த விரிப்பு துள்ளி எழும் நொடியில் சின்னவனின் கால் அதில் இறங்கினால், மொத்த வேகமும் அந்தப் பிஞ்சுக் காலில் ஏறும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு விரிசல் விடும். வீக்கம்கூடப் பெரிதாகத் தெரியாது. பிள்ளை காலை ஊன்ற மாட்டேன் என்று அழும், அவ்வளவுதான். நம் குமரி மாவட்டத்தில் உடனே எலும்புக்குக் கட்டுப்போடும் வர்ம ஆசானிடம் தூக்கிக்கொண்டு போவோம். முதலில் எக்ஸ்ரே எடுங்கள், தடவல் எல்லாம் பிறகு.

ஆகவே ஒரு நேரத்தில் ஒரே பிள்ளை. எங்கள் வீட்டில் மே விடுமுறைக்கு அக்கா, தம்பி பிள்ளைகள் எல்லாம் கூடுவார்கள். ஒருவர் குதிக்க, மற்றவர்கள் திண்ணையில் உட்கார்ந்து நூறு வரை சத்தமாக எண்ணுவார்கள். நூறானதும் அடுத்த ஆள். எண்ணுவதே விளையாட்டாகிவிட்டதால் சண்டை இல்லை. குட்டிக்கரணத்துக்கு மட்டும் எந்தக் கெஞ்சலுக்கும் இளகாதீர்கள். கழுத்தெலும்பு முறிந்தால் வாழ்நாள் முழுவதும் படுக்கையாகிவிடலாம்.

குளச்சல், முட்டம் பக்கம் வீடென்றால் உப்புக்காற்றையும் கணக்கில் வையுங்கள். ஸ்பிரிங்கின் கொக்கி சட்டத்தில் மாட்டும் இடத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். செம்பொடி ஒட்டினால் அந்த ஸ்பிரிங்கை மாற்றுங்கள். வலையும் வெயிலில் நைந்து போகும். கையால் இழுத்தாலே கிழிகிறதென்றால் அது இருந்தும் பயனில்லை. ஆரல்வாய்மொழிப் பக்கமானால் ஆடி மாதக் காற்று டிராம்போலினை அப்படியே புரட்டிவிடும், அதன் கால்களைத் தரையோடு சேர்த்துக் கட்டுங்கள்.

தென்னையின் கீழே போடாதீர்கள். விளையில் (தோட்டத்தில்) தென்னை இல்லாத, சரிவில்லாத இடம் கிடைக்கவில்லை என்றால் மாமாவிடம் சைக்கிள் கேளுங்கள்.