ஓவர்க்ளாக்கிங் கேள்வி பதில்: சூட்டை விட வோல்டேஜுக்கு பயப்படுங்க

ஆளாளுக்கு தனித்தனியா கேட்டுக்கிட்டே இருக்கீங்க, அதான் மொத்தமா ஒரே மூச்சுல சொல்லிடலாம்னு உட்கார்ந்துட்டேன். டெஸ்க்டாப் ப்ராசஸர் மட்டும்தான், லேப்டாப்பை இழுக்காதீங்க.

கேள்வி: ப்ரோ, ஓவர்க்ளாக்னா உள்ள என்னத்ததான் மாத்துறோம்?

கம்பெனி வெச்ச வேகத்துக்கு மேல ப்ராசஸரை ஓட்டுறதுதான் ஓவர்க்ளாக், வெறும் பெருக்கல் கணக்கு. பேஸ் க்ளாக் 100 மெகாஹெர்ட்ஸ், மல்டிப்ளையர் 45னா 4.5 கிகாஹெர்ட்ஸ், நாம அந்த 45ஐ 46, 47னு ஏத்துறோம், அவ்ளோதான். பேஸ் க்ளாக்ல கை வைக்காதீங்க, பல போர்டுல அதோட சேர்ந்து மத்த பாகங்களோட க்ளாக்கும் நகரும், அப்புறம் எஸ்எஸ்டிய காணோம்னு வந்து நிப்பீங்க. 1998ல வந்த இன்டெல் செலரான் 300ஏ-ல பஸ்ஸை (அந்தக் கால பேஸ் க்ளாக்) 66லேர்ந்து 100க்கு மாத்தினா 300 மெகாஹெர்ட்ஸ் சிப்பு 450ல ஓடும், அதெல்லாம் ஒரு காலம்! இப்ப கம்பெனிக்காரனே டர்போ பூஸ்ட்னு முக்காவாசி பிழிஞ்சுட்டுத்தான் விக்கிறான், நமக்கு சக்கைதான் மிச்சம்.

கேள்வி: அண்ணா, என்கிட்ட ஐ5 12400, பி660 போர்டு. முடியுமா?

முடியாதுப்பா. இன்டெல்ல ப்ராசஸர் பேர்ல கே இருக்கணும், போர்டு இசட் வரிசையா இருக்கணும். ஏஎம்டி ரைசன்ல பெரும்பாலும் எல்லாமே திறந்துதான் இருக்கும், பி இல்லன்னா எக்ஸ் வரிசை போர்டு போதும், 5800எக்ஸ்3டி, 7800எக்ஸ்3டி மாதிரி சில எக்ஸ்3டி சிப்புக்கு மட்டும் மல்டிப்ளையர் பூட்டு. உங்க போர்டுல ராமுக்கு எக்ஸ்எம்பி (ராம் பெட்டில போட்டிருக்கிற வேகத்துல ஓட வைக்கிற செட்டிங்) போடலாம், போட்டிருக்கீங்களான்னு முதல்ல பாருங்க. 3600 ராம் வாங்கி 2133லயே ஓட்டிட்டு இருக்கிற ஆளுங்கள நிறைய பாத்துட்டேன்.

கேள்வி: சார், ப்ராசஸர் எரிஞ்சு போயிடுமோன்னு பயமா இருக்கு.

சூட்டுனால அவ்ளோ சீக்கிரம் எரியாது. இன்டெல்ல பெரும்பாலும் 100 டிகிரி, ரைசன் 7000ல 95, அதை தொட்டா தானே வேகத்தை குறைச்சுக்கும், அதுக்கும் மேல போனா ஆஃப் ஆயிடும். வோல்டேஜுக்கு அந்த மாதிரி காவல்காரன் இல்ல, நீங்க கையால போட்ட நம்பரை போர்டு பெரும்பாலும் அப்படியே குடுத்துடும். சிப்பு அன்னிக்கே சாகாது, உள்ளுக்குள்ள மெல்ல தேயும், ஆறு மாசம் முன்னாடி கல்லு மாதிரி நின்ன செட்டிங் இப்ப நிக்காது. 2023ல சில ரைசன் 7000 எக்ஸ்3டி சிப்புங்க கருகினப்போ எஸ்ஓசி வோல்டேஜை (சிப்புக்குள்ள இருக்கிற மெமரி கன்ட்ரோலர் மாதிரி பாகங்களுக்குப் போறது) 1.3க்கு மேல போகாம பூட்டினாங்க, 2024ல இன்டெல் 13, 14வது தலைமுறைல வந்த தகராறும் அளவுக்கு மீறின வோல்டேஜ்தான், அதுக்கு பயாஸ் வழியா மைக்ரோகோட் (ப்ராசஸருக்குள்ள ஓடுற குட்டி நிரல்) அப்டேட் விட்டாங்க. அதனால பயாஸ் (போர்டுக்குள்ள இருக்கிற அடிப்படை மென்பொருள், இந்த செட்டிங் எல்லாம் அங்கதான்) அப்டேட் பண்ணாம ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க.

இன்னொரு கணக்கு. கரண்ட் செலவு வேகத்தோட நேரா ஏறும், வோல்டேஜோட வர்க்கமா ஏறும். 4.5ல 1.2 வோல்ட்ல ஓடுறதை 5.0க்கு 1.35 குடுத்து ஓட்டினா வேகம் 11 சதவீதம், பவர் கிட்டத்தட்ட 40 சதவீதம். அந்த 40ம் சூடாத்தான் வெளிய வரணும்.

கேள்வி: சரி, வரிசையா சொல்லுங்களேன், எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

எதையும் மாத்தாம சினிபெஞ்ச் (ப்ராசஸருக்கு முழு வேலை குடுக்கிற டெஸ்ட்) ஒரு பத்து நிமிஷம் ஓட்டுங்க, பக்கத்துல ஹெச்டபிள்யூஇன்ஃபோ (சென்சார் அளவு காட்டுற சாஃப்ட்வேர்) திறந்து வெச்சு எல்லா கோரும் (ப்ராசஸருக்குள்ள தனித்தனியா வேலை செய்ற பகுதிங்க) முழுசா ஓடும்போது டெம்பரேச்சர் எவ்ளோ வோல்டேஜ் எவ்ளோன்னு குறிச்சுக்கோங்க. இப்பவே 90ஐ தொடுதுன்னா அங்கேயே நிறுத்திட்டு கூலரை கவனிங்க. இல்லன்னா அந்த லோடு வோல்டேஜையே பயாஸ்ல கையால போட்டுட்டு (ஆட்டோல விட்டா பல போர்டு தாராள மனசோட அள்ளி ஊத்தும்) மல்டிப்ளையர் ஒண்ணே ஒண்ணு ஏத்துங்க, மறுபடி டெஸ்ட், நின்னா இன்னும் ஒண்ணு, க்ராஷ் ஆனா ஒரு படி இறங்குங்க இல்லன்னா 0.01 வோல்ட் கூட்டிப் பாருங்க. ஒரே நேரத்துல ரெண்டு செட்டிங் மாத்தாதீங்க, எது கவுத்துச்சுன்னே தெரியாம போயிடும். எல்லா கோருக்கும் நிரந்தரமா போடுறதுன்னா நான் 1.3ஐ தாண்டமாட்டேன். ரைசன் லேசான வேலைல தானாவே 1.4க்கு மேல போறதை பாத்துட்டு "அப்போ சேஃப்தானே"ன்னு அதையே கையால போடுறவங்க இருக்காங்க, அது ஒரு கோர் கொஞ்ச நேரம் தாவுறதுக்கு, எல்லா கோரும் மணிக்கணக்கா ஓடுறதுக்கு இல்ல.

கடைசில ஓசிசிடியோ ப்ரைம்95ஓ, ரெண்டும் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் சாஃப்ட்வேர்தான், சில மணி நேரம் ஓட்டுங்க. முதல் அரை மணி நேரம் பக்கத்துலயே இருங்க, ஓட விட்டுட்டு தூங்கப் போகாதீங்க.

கேள்வி: அவசரம்! 52 போட்டு சேவ் பண்ணேன், ஸ்கிரீனே வரல.

ஒவ்வொண்ணா ஏத்துங்கன்னா கேக்குறீங்களா. சரி, பதறாதீங்க, ரெண்டு மூணு தடவை தானே ஆஃப் ஆகி ஆன் ஆகட்டும். வரலன்னா பவர் ப்ளக்கை பிடுங்கிட்டு போர்டுல க்ளியர் சிமாஸ் (பயாஸ் செட்டிங்கை பழையபடி ஆக்குறது) ஜம்பரோ பட்டனோ இருக்கும் பாருங்க, இல்லன்னா அந்த காசு மாதிரி பேட்டரிய கழட்டி அஞ்சு நிமிஷம் கழிச்சு மாட்டுங்க. எனக்கு முதல் தடவை இப்படி ஆனப்போ ப்ராசஸர் போச்சுன்னு கூலரையே கழட்டி, பேஸ்ட்டெல்லாம் துடைச்சு உட்கார்ந்திருந்தேன், ரெண்டு ரூபா ஸ்க்ரூடிரைவர் முனையால ஜம்பரை தொட்டிருந்தா முடிஞ்சிருக்கும்.

கேள்வி: 5600எக்ஸ் வெச்சிருக்கேன். ஆல் கோர் மேனுவலா, பிபிஓவா?

பிபிஓ (ஏஎம்டியோட தானியங்கி பூஸ்ட் செட்டிங்), கண்ணை மூடிக்கிட்டு. 5600எக்ஸ் தானாவே ஒரு கோர்ல 4.6 வரை போகுது, நீங்க 4.5ல பூட்டினா கேம்ல நஷ்டம்தான். பிபிஓக்குள்ள இருக்கிற கர்வ் ஆப்டிமைசர்ல (வேகத்துக்கு ஏத்த வோல்டேஜை நகர்த்துற செட்டிங்) நெகட்டிவ் 10ல ஆரம்பிங்க, வோல்டேஜ் குறையும், சூடு குறையும், வேகமும் கொஞ்சம் கூடும். இதுல ஒரு குசும்பு இருக்கு: ஸ்ட்ரெஸ் டெஸ்ட்ல ஜம்முனு நிக்கும், சும்மா பாட்டு கேட்டுட்டு இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆகும், ஏன்னா லேசான வேலைலதான் ஒத்தை கோர் உச்சிக்கு தாவுது. அப்படி ஆனா நெகட்டிவ் 10ஐ நெகட்டிவ் 5 ஆக்கிக்கோங்க.

கேள்வி: டெஸ்ட் எல்லாம் பாஸ், ஆனா வாரத்துக்கு ஒரு தடவை கேம் மட்டும் மூடிக்குது.

அப்போ பாஸ் இல்ல. விண்டோஸோட ஈவென்ட் வியூவர்ல ஹார்ட்வேர் எரர் இருக்கான்னு பாருங்க, எக்ஸ்எம்பியை ஆஃப் பண்ணி ராம் மேல பழி இருக்கான்னு பிரிச்சுப் பாருங்க. அதுவரைக்கும் முக்கியமான ஃபைலை பேக்கப் எடுத்து வைங்க, தப்பா கணக்கு போடுற ப்ராசஸர் தப்பாவே சேவும் பண்ணும்.

கேள்வி: கேம்ல எவ்ளோ எஃப்பிஎஸ் (ஒரு செகண்டுக்கு வர்ற ஃப்ரேம்) ஏறும்?

கிராஃபிக்ஸ் கார்டு யூசேஜ் 98 சதவீதத்துல முட்டிட்டு நிக்குதா? அப்போ தடையே அதுதான், ப்ராசஸரை ஏத்தி ஒண்ணும் ஏறாது.